பன்னிரண்டாம் பக்கம்

"இந்தக் கிழக்கு மாகாணத்திலயே காத்துட போக்க முழுசா விளங்கின ஒரே மனிசன் நான்தான்" என்றான் முர்ஷித். அவனுடைய இரண்டாவது மாதிரி ரொக்கெட்டும் அப்போதுதான் குட்டிக்கரணம் போட்டுக் கல்முனைக் கடலில் விழுந்திருந்தது.

மிச்சம் ஒரேயொரு ரொக்கெட். நாளை பரீட்சகர்கள் முன்னால் அதுவும் கவிழ்ந்தால், கம்பஸில் இறுதியாண்டை மறுபடி படிக்க வேண்டும்.

வீட்டில் தங்கை ஸம்றா அதன் வால் துடுப்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"நானா, எடை சமமா நிக்கிற இடத்துல நூலக் கட்டி, தலைக்கு மேலால சுத்திப் பாருங்க. மூக்கு முன்னுக்குப் போனா துடுப்புப் போதும். இல்லாட்டிப் பெருசா வெட்டணும்."

"இது ரொக்கெட் புள்ள, காகம் விரட்டுற கவண் இல்ல! எந்த விசரன் உனக்கு இதச் சொன்ன?"

"உங்கட ஆய்வறிக்கைதான். பன்னிரண்டாம் பக்கம்."

"என்ட அறிக்கையா?"

"ஓம். நீங்க எங்கயோ இரிந்து எடுத்துத் தந்தத நான்தானே டைப் பண்ணின. 'நானே செய்து சரிபார்த்தேன்' என்டு கீழ கையொப்பமும் வெச்சிரிக்கீங்க."

முர்ஷித் எழுந்து போய், தெருவில் யாரும் பார்க்காதபடி வாசல் கேற்றைச் சாத்தினான். பிறகு உம்மாவின் தையல் பெட்டியில் சத்தமில்லாமல் நூல் தேடத் தொடங்கினான்.