ஒரு மணி நேரப் பாடம்

"ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாங்கல்ல? அப்ப என்ன தூங்கிட்டு இருந்தீங்களா?"

மகன் போட்ட சத்தத்தில் முதலீட்டாளர் புகார் மையமே திரும்பிப் பார்த்தது. பங்குச் சந்தைக் கம்பெனிகள் நிறைந்த யோயிதோவில் இதெல்லாம் புதிதில்லை. இருந்தாலும் பெற்ற அப்பனை நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது என்று ஹ்வாயோங்குக்கு எரிச்சலாக வந்தது. அந்த மேஜையில் புகார் வாங்குபவள் அவள்தான்.

அப்பா பான்சிக் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அன்யாங்கில் இருபத்தேழு வருஷம் சலவைக் கடை நடத்தியவர். முட்டி தேய்ந்து, கடையை விற்று, அந்தப் பணத்தை ஒரு ஃபண்டில் போட்டிருந்தார். பங்குச் சந்தை இறங்கினால் இரண்டு மடங்கு லாபம், ஏறினால் இரண்டு மடங்கு நட்டம். சந்தை ஏறிக்கொண்டே போனது. ஊரே கொண்டாட, இவர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

ஆசை யாரை விட்டது என்றுதான் ஹ்வாயோங்கும் நினைத்தாள். காலையிலிருந்து இவர் ஏழாவது ஆள்.

மகன் டோகியுன் இப்போது அவள் பக்கம் திரும்பினான்.

"இந்த விஷத்தை எதுக்கு மேடம் சாதாரண ஜனங்களுக்கு விக்க விடறீங்க? தடை பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

"தடை பண்ணினா, பணக்காரன் மட்டும்தான் சம்பாதிக்கணுமான்னு நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாங்க சார். அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடி அந்த வீடியோ பாடத்தைக் கட்டாயமா வெச்சிருக்கு. உங்க அப்பா முழுசா முடிச்சு, சான்றிதழும் வாங்கியிருக்காரே."

"கேட்டுக்குங்க அப்பா. சான்றிதழ் வேற வாங்கியிருக்கீங்களாம்."

"பார்த்தேன்ப்பா. மண்டையில ஏறல."

"அம்மா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"அவகிட்ட இன்னும் சொல்லல."

ஹ்வாயோங் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். ஏதோ இடித்தது.

"ஐயா, பணம் போட்டதெல்லாம் உங்க போன்ல இருந்து. பாடம் மட்டும் கம்ப்யூட்டர்ல ஓடியிருக்கு. உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா?"

டோகியுன் சட்டென்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஏன் கேக்கறேன்னா, வேற யாராவது உங்க பேர்ல அந்தப் பாடத்தை ஓட்டியிருந்தா, எச்சரிக்கை உங்க காதுக்கே வரலைன்னு ஆகும். நான் புகாரை மேல அனுப்பலாம். பாதிப் பணமாவது திரும்ப வர வழி இருக்கு."

"ஓட்டினவங்களுக்கு?" என்று கேட்டார் பான்சிக்.

"அவங்க மேல வழக்கு வரும்."

டோகியுனின் கை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பொத்திக்கொண்டது. வட்ட அலுவலக வேலை. மூன்று வருஷம் முட்டி மோதிப் பரீட்சை பாஸ் பண்ணி, சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை.

பான்சிக் மகனைப் பார்க்கவே இல்லை.

"கடையில இருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வீட்டுல இருக்கும்மா. அதுலதான் பார்த்தேன். நானேதான் பார்த்தேன்னு எழுதிக்குங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. கையெழுத்துப் போட்டுட்டா இந்தப் புகார் இதோட முடிஞ்சுது."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

போட்டுவிட்டார். இந்த வயசில், இந்த முட்டியோடு, இனி எந்தக் கடையில் போய் நிற்பார் இந்த மனுஷர் என்று நினைத்தபடியே ஹ்வாயோங் முத்திரையைக் குத்தினாள்.

"வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று முணுமுணுத்துவிட்டு டோகியுன் லிஃப்ட் பக்கம் போனான். கிட்டத்தட்ட ஓட்டம்தான்.

லிஃப்ட் கதவு மூடும்வரை பான்சிக் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தவர், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அவன் வர்றதுக்குள்ள அந்தப் பாடத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா? அதுல என்னதான் சொல்லியிருந்தாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."