காரணம்: வீட்டு ஞாபகம்

ஐந்து மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். இப்போது மணி நாலு நாற்பத்தெட்டு.

படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. வயது பதினாறு, வந்த தேதி, தங்கியிருக்கும் வீடு. ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

'படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிப் போவதற்கான காரணம்.'

அவள் பேனா மூடியைக் கடித்தாள். பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். 'வீட்டு ஞாபகம்.'

கவுன்ட்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தடுப்புக்கு அப்பாலிருந்தே படித்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை கண்ணீரைப் பார்த்தவளோ, முகத்தில் ஈரமே இல்லை.

"ஏம்மா, வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள அம்மா மடி தேடுதா?"

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடேறியது.

"ரூல் தெரியுமில்ல? நீ கிளம்பினா, உங்க வீட்ல போய் இருக்காளே, அந்தப் பொண்ணும் பெட்டியக் கட்டணும். உன் ஒருத்தியால ரெண்டு பேர் படிப்பு பாழ்."

தெரியாமலா? இந்த மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் மொத்தச் சங்கதியே அதுதான். வீட்டுக்கு வீடு, பெண்ணுக்குப் பெண். இங்கே அந்தப் பெண்ணின் கட்டிலில் அவள் படுக்கிறாள். அங்கே அவள் கட்டிலில் அந்தப் பெண். இங்கே அந்தப் பெண்ணின் தாயை அவள் ஆன்ட்டி என்கிறாள். அந்தப் பெண்ணோ அங்கே போன இரண்டாம் வாரமே அவளுடைய அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டு, வீட்டுக்குச் செல்லப் பிள்ளையாகிவிட்டாள்.

நானூறு பேர் எழுதிய தேர்வு. தேறியது இருபது பேர். ஊரில் பள்ளிக்கூட கேட்டில் அவள் படம் போட்ட பேனர் இன்னும் கிழியாமல் தொங்குகிறதாம்.

நேற்று போனில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா, "நாளைக்கு நான் கடைத்தெருப் பக்கம் எப்படித் தலையக் காட்டுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பையில் போன் அதிர்ந்தது. அந்தப் பெண். செய்தி அவளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அடியே, உனக்கு என்னடி கேடு வந்துச்சு? எனக்கு இங்க இப்பத்தான் எல்லாம் நல்லாப் போகுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் அஞ்சு மாசம் இருடி. வேணும்னா உன் கால்ல விழறேன்!"

"என்னால முடியல."

"கோழைக் கழுதை! இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத!"

போன் துண்டிக்கப்பட்டது. அவள் அழவில்லை. படிவத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினாள்.

டக்கென்று சீல் விழுந்தது.

அவ்வளவுதான். இனி பள்ளி மைக்ராஸ்கோப் மேஜையில் அந்த இடம் அவளுடையதில்லை. வகுப்பிலேயே முதல் ஆளாக அவளைத்தான் பயாலஜி டீச்சர் அங்கே உட்கார வைத்திருந்தார். இந்தத் திட்டத்தில் அவள் பெயர் இன்னொரு முறை ஏறவும் ஏறாது.

"ரெண்டு பேருக்கும் ஒன்பது நாள்ல டிக்கெட்," என்றாள் கவுன்ட்டர் அம்மாள். "அடுத்தது யாரு?"

அவள் நகரவில்லை.

"முதல்ல அவளுக்கு மட்டும் போட முடியுமா மேடம்? நாளைக்கே? நான் எப்ப வேணா போறேன்."

கவுன்ட்டர் அம்மாள் முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டு ஞாபகம் உனக்கா, அவளுக்கா?"

அதை அவளால் சொல்ல முடியாது.

என்ன புரிந்ததோ, அந்த அம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்துப் படிவத்தின் மூலையில் 'அவசரம்' என்று தானே எழுதினாள். "நாளை மறுநாள் ஒரு சீட்டு இருக்கு. போ."

வெளியே தூறல். பஸ்ஸில் மூன்று நிறுத்தம். இறங்கினால் எதிரே ஆறு மாடிக் கட்டடம். லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போனாள். நடைவழி முழுக்க மருந்து நெடி. ஜன்னலோரம் கடைசிக் கட்டில்.

ஆன்ட்டி விழித்துத்தான் இருந்தார். நாலு நாளில் பாதியாகியிருந்தார். 'சின்ன ஆபரேஷன்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்ன கணக்கு வேறு; அது அவள் காதிலும் விழுந்தது. மூன்று வாரம்தான் தாங்கும்.

அன்றைக்கே ஆன்ட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். என் பெண்ணிடமோ வேறு யாரிடமோ இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அவள் படிப்பு கெடக் கூடாது.

சத்தியத்தை அவள் மீறவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"என் பொண்ணு பேசினாளா?" பாதிக் குரல், பாதிக் காற்று.

"பேசினா ஆன்ட்டி. இப்பத்தான்."

"என்ன சொன்னா?"

கலைந்து கிடந்த போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"எல்லாம் நல்லாப் போகுதாம்."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் சிரிப்பு போல ஏதோ வந்து நின்றது.

"அது போதும். அவ அங்கயே இருக்கட்டும்."

"சரி ஆன்ட்டி," என்றாள்.