ஒரு ‘விடு’

மழை முகம் காணாத நெடுஞ்சாலையோரம், தானாகப் பற்றிக்கொள்ளுமுன் காய்ந்த புல்லை ஆட்கள் கொளுத்துகிறார்கள். இரு திசை வண்டிகளுக்கும் திறந்திருப்பது ஒரே தடம். காற்று திரும்ப, அதையும் புகை மூடுகிறது. இருமுனையிலும் வாக்கி-டாக்கியோடு நிற்கும் கொடிக்காரர்கள் வண்டிகளை நிறுத்துகிறார்கள். இன்னும் புல்லைக் கொளுத்திக்கொண்டிருக்கும் தீப்பந்தக்காரனைப் பார்த்து மேஸ்திரி வாக்கி-டாக்கியில் கத்துகிறார்: “போதும்டா, விடு! விடு!” “விட்டாச்சு மாமா,” என்கிறது கருவி. பந்தக்காரன் குரல் அல்ல. கிழக்கு முனையில் கொடி பிடிக்கும் மச்சினன் குரல். “பஸ்ஸைத்தான் மொதல்ல விட்டேன். உள்ள குழந்தைங்க இருமுதுங்க, பாவம்.” புகைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் நுழைந்து கரைகின்றன. ‘நிறுத்து’ என்று மேஸ்திரி வாயெடுப்பதற்குள் கருவி மறுபடி கரகரக்கிறது. மேற்கு முனைக்காரன். “இங்கயும் லாரியை விட்டாச்சுண்ணே.”