அஞ்சாங்கிளாஸ் சாட்சி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் சௌந்திரத்துக்குப் பயம்.

பரமத்தி வேலூரில் பஸ் ஏறியதிலிருந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் சொல்ல வேண்டியதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டிலிருந்த தம்பி ஜெகதீஸ்வரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்குதல்லக்கா?"

"இருக்குது சாமி."

"ஒரே வரி. குழந்தையை நான் வளர்த்துக்குவேனுங்க. அவ்வளவுதான். இதையாவது ஒழுங்காச் சொல்லிப்போடு."

அந்த 'இதையாவது'க்கு ஒரு காரணம் உண்டு.

தம்பி மகளுக்குத் தொட்டில் போட்ட அன்று, அத்தைதான் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்றார்கள். சௌந்திரத்துக்குக் குழந்தை இல்லை. வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாமே என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. தம்பி பெண்டாட்டி ஜோதி அதைக் காதில் வாங்காமல், குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

கனிஷ்கா என்று பெயர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட சௌந்திரத்தின் வாயில் அது 'கனிசுக்கா' என்றுதான் வந்தது. மூன்று தடவையும் அப்படியே. எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஜோதி மட்டும், "நீங்க எப்படிச் சொன்னாலும் அதுதானுங்க அண்ணி அவ பேரு" என்றாள்.

இப்போது அந்த ஜோதிக்கும் ஜெகதீஸ்வரனுக்கும் விவாகரத்து. கனிஷ்கா யாரிடம் இருப்பது என்பதுதான் பாக்கி. ஜோதி ஆட்டையாம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். குழந்தையைக் கவனிக்க நேரமில்லாதவள் என்று தம்பியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவன். போர் போட ஆந்திரா, ஒடிசா என்று கிளம்பினால் மழைக்காலத்துக்குத்தான் வீடு திரும்புவான். அப்படியானால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஜட்ஜம்மா கேட்டுவிட்டார்.

அதற்கு வக்கீல் கண்டுபிடித்த பதில்தான் சௌந்திரம். வீட்டோடு இருக்கும் அத்தை, பிள்ளை இல்லாதவள், உசிராகப் பார்த்துக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. வழக்கே அவள் நாக்கில் வந்து நின்றது.

"புள்ளை உன்ற மடிக்கே வருதக்கா, உனக்கும் ஒரு குறை தீரும்" என்று தம்பி சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாமக்கல் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினாள்.

"ஏம்மா, உங்க தம்பி வெளியூர் போனா குழந்தையை யாரு பாத்துக்குவாங்க?" என்றார் வக்கீல், பாதிப் பதிலைக் கண்ணாலேயே எடுத்துக்கொடுத்தபடி.

சௌந்திரம் ஜட்ஜம்மா பக்கம் திரும்பினாள்.

"என்னால ஆகாதுங்க."

வக்கீல் சிரித்துச் சமாளித்தார். பயந்துவிட்டார்கள் என்று ஜட்ஜிடம் சொல்லிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

"என்னால ஆகாதுங்க. வெத்தலை பறிக்கக் கொடிக்காலுக்கு விடியறதுக்கு முந்தியே போயிருவேன். ஊட்டுல ஆளிருக்காது. பொம்பளைப் புள்ளையை யாரை நம்பி உட்டுட்டுப் போறதுங்க?"

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். குழந்தை வளர்த்துப் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கேதுங்க? பெத்திருந்தாத்தான தெரியும்."

ஜட்ஜம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

மதியத்துக்கு மேல் உத்தரவு வந்தது. கனிஷ்கா அம்மாவிடம் இருக்க வேண்டியது. லீவு நாட்களில் அப்பா வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற ஜோதியின் அம்மாவுக்கு, ஜெயித்தும் மனசு ஆறவில்லை. பெறாத வயிறு அப்படித்தான் பேசும் என்று காதில் விழும்படியே சொன்னாள். அத்தையைப் பார்த்து ஓடப் போன கனிஷ்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்கறவகிட்ட உனக்கென்னடி வேலை?"

ஜோதி அந்தக் கையை விடுவித்தாள். "போ கண்ணு. அத்தைகிட்டப் போயிட்டு வா."

பிறகு சௌந்திரத்தைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

ஓடி வந்த குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, சௌந்திரம் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் வாய் ஓயவில்லை. கிளிப்பிள்ளைகூட ஒரு வரியைச் சொல்லிவிடும் என்றான். ஊரே சிரிக்கப் போகிறது என்றான். "வழியெல்லாம் முணுமுணுத்துட்டு வந்தியே, என்னத்தத்தான் பாடம் பண்ணுனே?"

"கூண்டைப் பாத்ததும் நாக்கு குழறிப்போச்சு சாமி. அஞ்சாங்கிளாஸ்தான?"

அவனுக்கு அது போதுமாக இருந்தது. விவரமில்லாத அக்காவைத் திட்டலாம், எப்படிப் பகைக்க முடியும்?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சௌந்திரத்துக்குக் கோடை லீவு ஞாபகம் வந்தது. கனிஷ்கா அவளிடம் வந்து தங்கியிருந்தாள். தூக்கத்தில் அந்தச் சின்னக் கை அம்மாவின் காதைத் தேடும். சௌந்திரத்தின் காதைத் தொடும். தோடு வேறு என்று தெரிந்ததும் விட்டுவிடும். மறுபடி தேடும்.

ஊருக்குப் போனால் ஆளாளுக்குக் கேட்பார்கள். பங்காளி வீட்டிலும் கேட்பார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, 'நாக்கு குழறிப்போச்சுங்க, நாக்கு குழறிப்போச்சுங்க' என்று சொல்லிச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதுவும் தப்பில்லாமல் வந்துவிடும். காலையில் இதே மாதிரி வழியெல்லாம் பாடம் பண்ணிய 'என்னால ஆகாதுங்க' ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வந்ததே.