மலையேறாத இஞ்சினியர்

மலையுச்சியிலிருந்த வானொலி டிரான்ஸ்மிட்டரை நெட்வொர்க்கில் இணைத்த நாளிலிருந்து இஞ்சினியர் வீட்டில் ஒரே அலட்டல்.

“இனிமே மலையேறுற வேலையே இல்ல. ஃபோன்ல பச்சை பட்டனை அமுக்கினா ஓடும், சிவப்பை அமுக்கினா நிக்கும். உன் ஃபோன்லயும் போட்டு வச்சிருக்கேன், பாரு.”

“அப்பாடா. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வரும்போதாவது வீட்டுல இருப்பீங்க,” என்றாள் மனைவி.

ஞாயிறன்று மச்சான் வந்து சோபாவில் சாய்ந்து, தன் முதுகுவலியின் வரலாற்றை ஆரம்பித்தார். இஞ்சினியர் ஃபோனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். சமையலறையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று ஊமையானது.

“போச்சு, டிரான்ஸ்மிட்டர் படுத்துடுச்சு. நேர்ல போய்த்தான் பாக்கணும்,” என்று ரொம்ப வருத்தமாகச் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

பொழுது சாய்ந்துதான் திரும்பினார். “மச்சான் கிளம்பிட்டாரா? அடடா. மலை மேல மூணு மணி நேரம் மல்லுக்கட்டி, இப்பத்தான் அதுக்கு உயிர் வந்துச்சு.”

“பாவம் நீங்க,” என்றாள் மனைவி. “நீங்க கிளம்பி தெருமுனையைத் தாண்டுறதுக்குள்ளயே நான் பச்சையை அமுக்கிட்டேன். அப்ப பாட ஆரம்பிச்ச ரேடியோ, இன்னும் நிறுத்தல. போங்க, அண்ணன் உள்ளதான் இருக்கார். முதுகுவலியை விட்ட எடத்துலேருந்து சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கார்.”