கமகுரா கடலில் ஒரு முகம்

ஹம்பேர்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் காலையிலிருந்து நின்றபடி காவல் பார்க்கும் சுந்தரேஸ்வரிக்குக் கால்கள் மரத்துப்போயிருக்கின்றன. எதிர்ச்சுவரை நிறைத்திருக்கிறது, ஜப்பானின் பழைய ஊரான கமகுராவின் கடற்கரையைக் காட்டும் புகைப்படம். புத்தாண்டுக்காகக் கொடி கட்டிய படகுகளிலிருந்து மீனவர்கள் தோடம்பழங்களை வீசுகிறார்கள். கரையில் நிற்பவர்கள் மடியேந்திப் பிடிக்கிறார்கள். சன்னல் வழியே சாய்ந்து வரும் சோகையான வெயில் படத்தின் கறுத்த மணலில் விழுகிறது. வெகுநேரமாக அங்கேயே நிற்கும் வயதான ஜப்பானியப் பெண்மணி, கையுறையைக் கழற்றிவிட்டு, படகிலிருக்கும் ஒருவனின் முகத்தில் விரலை வைக்கிறாள். “அக்கா, அவ படத்தைத் தொடுறா. மனேஜர் வாறார், கெதியாப் போய்ச் சொல்லுங்கோ” என்கிறாள் வாசலில் காவல் நிற்கும் ஆதிரை. “ஓம், பாத்தனான்.” இப்படி ஒருவர் படத்தைத் தொட்டதைத் தடுக்காததற்காகப் போன கிழமைதான் சுந்தரேஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். கனக்கும் கால்களை எடுத்து வைத்து அருகே போகிறாள். “என் தம்பி” என்கிறாள் அந்தப் பெண்மணி, உடைந்த ஜெர்மனில், திரும்பாமலே. “இந்தப் படம் எடுத்த வருடம் கடலுக்குப் போனவன் வரவில்லை.” தொடக் கூடாது என்று சொல்ல வந்த சுந்தரேஸ்வரி, “ஆறுதலாப் பாருங்கோ” என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறாள். நடைக்கூடத்தில் சப்பாத்துச் சத்தம் நெருங்குகிறது. அவள் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீருடைக் கோட்டு விரிய இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, அந்த விரலை மறைத்து நிற்கிறாள்.