நீலச் சட்டைக் குழந்தை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத் திரையில், நீலச் சட்டை போட்ட ஒன்பது மாதக் குழந்தை, குரைக்கும் பொம்மை நாயிடம் தவழ்ந்து போய் அதன் மூக்கில் ஓங்கி அறைந்தது.

பேராசிரியர் ஆல்டன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா மேரன், வேட்டைக்கார ரத்தம். பொண்ணா இருந்தா அம்மாவைத் தேடி அழுதிருக்கும். ஆம்பளை வெளியே அலையணும், பொம்பளை குழந்தையோட இருக்கணும். நான் சொல்லல, இயற்கை சொல்லுது."

நான்கு மாதமாக இதையே ஊர் ஊராகப் பேசிவிட்டு, விமான நிலையத்திலிருந்து நேராக இங்கேதான் வந்திருந்தார். உடன் வேலை பார்க்கும் மேரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அது பொண்ணு. ஆய்வுக்காகப் பையன் சட்டையை மாத்திப் போட்டோம்."

"சும்மா சொல்லாதே."

"முகத்தை நல்லாப் பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்கருகே போய்ப் பார்த்தார். "ஆம்பளைக் களைதான். சரி, பெத்தவங்க எப்படிச் சம்மதிச்சாங்க?"

"அம்மாதான் சம்மதிச்சா. அப்பா வீடு தங்குறதே இல்ல."

"ஆம்பளைன்னா அப்படித்தான். யாரு அந்த ஆளு?"

மேரன் படத்தைக் குழந்தையின் முகத்தில் நிறுத்தினாள்.

"நீங்கதான். அது நம்ம பொண்ணு ஹேசல்."

ஆல்டன் மறுபடியும் திரையைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.